உறவினரைப் பற்றி எழுதலாமா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

சென்ற ஆண்டு நம் கல்லூரி மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். அது அச்சேறவில்லை. அச்சேறாத கட்டுரையைப் பற்றி இவ்வாண்டு மலரில் ஒரு கட்டுரை எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். அந்தக் கட்டுரை திரும்பி வந்ததால் நான் கற்றுக்கொண்டது, அது அச்சாகியிருந்தால் நான் பெற்றிருக்கக்கூடிய பாராட்டை விடப் பெரிது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இதன் நோக்கம்.

அக்கட்டுரை என் குடும்பத்தைப் பற்றியது. என் தந்தையார் நான் பள்ளியில் படிக்கும்போதே காலமானார். எங்களுக்கு இருந்த சிறு நிலம் உறவினர் ஒருவரின் கைக்குப் போய்விட்டது. அவர் ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டார் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்டே வளர்ந்தவன் நான். எனவே அதை அப்படியே எழுதினேன். உறவினரின் பெயரையும் ஊரையும் போட்டேன். கடைசிப் பத்தியில் நான்கைந்து வசைகளையும் சேர்த்தேன். எழுதி முடித்தபோது நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போலிருந்தது.

மலர்ப் பொறுப்பாசிரியர் என்னைத் துறைக்கு அழைத்தார். கட்டுரையை மேசைமேல் வைத்துவிட்டு, "நன்றாக எழுதியிருக்கிறாய், தம்பி. பத்திரத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டார்.

"இல்லை, ஐயா. அம்மா சொன்னதுதான்" என்றேன்.

"வரலாறு படிக்கிறவன் நீ. ஆவணம் பார்க்காமல் அசோகரைப் பற்றி எழுதுவாயா? உயிரோடு இருக்கிற மனிதரைப் பற்றி மட்டும் எழுதலாமா? இது அச்சானால் நீயும் நானும் அச்சகத்தாரும் சேர்ந்து நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையை எழுதினால் குற்றமா? என் குடும்பக் கதையை எழுத எனக்கு உரிமை இல்லையா? இந்தக் கேள்விகளோடு எங்கள் தெருவில் இருக்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னவற்றையும், பின்னர் நானே நூலகத்தில் தேடிப் படித்தவற்றையும் கீழே தொகுத்துத் தருகிறேன்.

அவதூறு என்பது யாது?

ஒருவரது நற்பெயருக்குக் கேடு செய்யும் எண்ணத்துடனோ, கேடு விளையும் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ, அவர்மேல் ஒரு குற்றச்சாட்டைச் சுமத்தி அதைப் பிறர் அறியச் செய்வதே அவதூறு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499, 500 ஆகிய பிரிவுகள் இதைக் கூறின. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் 356ஆம் பிரிவு அவதூறைப் பற்றியது. சட்டத்தின் பெயரும் பிரிவின் எண்ணும் மாறினவே தவிர இலக்கணம் பெரிதும் மாறவில்லை. இரண்டாண்டு வரை வெறுங்காவல் தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சமூக சேவை செய்யச் சொல்லும் தண்டனை புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

பேச்சாலும் எழுத்தாலும் சைகையாலும் படத்தாலும் அவதூறு செய்யலாம். பெயர் சொல்லாமல் குத்திக்காட்டுவதும், 'அவர் உத்தமர். அந்தக் கடிகாரத்தை அவர் எடுக்கவே இல்லை' என்று எதிர்மறையாக எள்ளி நகையாடுவதும் அவதூறாகக் கூடும். அச்சிடுபவரும், அச்சிட்டதை விற்பவரும் தெரிந்தே செய்தால் அவர்களும் குற்றவாளிகளே. பேராசிரியர் அச்சகத்தாரையும் சேர்த்துச் சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இது குற்றவியல் வழி. இதைத் தவிர உரிமையியல் வழியும் உண்டு. அங்கே சிறை இல்லை. இழப்பீடு கேட்கலாம், மேற்கொண்டு வெளியிடாதபடி தடையாணை கேட்கலாம். இழப்பீட்டு வழக்கை வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்று 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் கூறுகிறது. குற்றவியல் புகாருக்கு மூன்றாண்டு காலம் உண்டு. காவல் நிலையத்தில் நேரே வழக்குப் பதிவு செய்யும் குற்றம் அன்று இது. பாதிக்கப்பட்டவரே நடுவர் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். அவரே விரும்பினால் சமரசம் செய்து முடித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

இத்தகைய சட்டம் பேச்சுரிமைக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடப்பட்டது. நற்பெயரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று சொல்லி 2016ஆம் ஆண்டில் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது.

உண்மை மட்டும் போதுமா?

நம்மில் பலர் 'உண்மையைச் சொன்னால் பயம் எதற்கு?' என்று எண்ணுகிறோம். உரிமையியல் வழக்கில் இது பெருமளவு சரி. சொன்னது உண்மை என்று மெய்ப்பித்துவிட்டால் இழப்பீடு தர வேண்டியதில்லை. குற்றவியல் வழக்கிலோ உண்மை மட்டும் போதாது. அந்த உண்மையை வெளியிடுவது பொது நலத்துக்குத் தேவையாகவும் இருக்க வேண்டும். சட்டத்தில் சொல்லப்பட்ட பத்து விதிவிலக்குகளில் முதலாவது இதுவே.

இங்கேதான் குடும்பக் கதை எழுதுவோர் இடறி விழுகிறார்கள். ஓர் அமைச்சர் லஞ்சம் வாங்கினார் என்பதில் பொது நலம் இருக்கிறது. என் உறவினர் இருபதாண்டுக்கு முன் திருவிழாவில் குடித்துவிட்டு விழுந்தார் என்பதில் என்ன பொது நலம் இருக்கிறது? அது உண்மையாகவே இருந்தாலும் ஊரார் அறிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஒன்பதாம் விதிவிலக்கு, தன் நலனையோ பிறர் நலனையோ பொது நலனையோ காத்துக்கொள்ள நல்லெண்ணத்துடன் சொல்வதை அனுமதிக்கிறது. நல்லெண்ணம் என்றால் மனத்தில் கெட்ட நினைப்பு இல்லாமை என்று நான் நினைத்திருந்தேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணத்துடன் செய்ததாகாது என்கிறது. பத்திரத்தைப் பார்க்காமல் எழுதிய எனக்கு அந்த விதிவிலக்கு கிடைத்திருக்காது.

மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் முக்கியமானது. உண்மை என்றும் நல்லெண்ணம் என்றும் விதிவிலக்குக் கோருபவர் எழுதியவர். ஆகவே அதை நிலைநாட்ட வேண்டியவரும் அவரே. 'எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்' என்பது நீதிமன்றத்தில் சான்றாகாது.

வீட்டுக்குள் எழுதிய கடிதம்

புத்தகத்திலோ இதழிலோ வந்தால்தானே அவதூறு, வீட்டுக்குள் எழுதினால் என்ன என்று கேட்கலாம். இதற்கு நம் உச்ச நீதிமன்றம் 1968ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த கேரள வழக்கு ஒன்று சான்றாகும்.

பம்பாயில் இருந்த கணவர் ஒருவர், 1964ஆம் ஆண்டு, திருவனந்தபுரத்தில் தாய்வீட்டில் இருந்த தம் மனைவிக்குச் சில கடிதங்கள் எழுதினார். அவற்றில் மாமனாரைப் பற்றி இழிவாக எழுதியிருந்தார். மனைவி அக்கடிதங்களைத் தந்தையிடம் கொடுத்துவிட்டார். மாமனார் மருமகன்மேல் அவதூறு வழக்குத் தொடுத்தார். கணவனும் மனைவியும் சட்டப்படி ஒருவரே. மனைவிக்கு எழுதியது பிறர் அறியச் செய்ததாகாது. கணவன் சொன்னதை மனைவி சாட்சியாக வெளியிடவும் கூடாது என்று மருமகன் தரப்பில் வாதிட்டனர். உயர் நீதிமன்றம் மருமகன் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றமோ வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளிவிட முடியாது என்று சொல்லி, விசாரணை தொடர அனுமதித்தது. மனைவி சாட்சி சொல்லத் தடை இருக்கலாம்; ஆனால் கடிதங்களை வேறு வழியில் மெய்ப்பிக்கத் தடையில்லை என்பது அதன் கருத்து.

மனைவிக்கு மட்டும் என்று எழுதிய கடிதமே இந்தப் பாடு பட்டதென்றால், நாற்பது உறவினர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் நள்ளிரவில் எழுதுவதைப் பற்றி என்ன சொல்வது! அங்கே எழுதுவதும் பிறர் அறியச் செய்வதுதான். எழுதியவர் அழித்தாலும் வேறொருவர் படம் பிடித்து வைத்திருப்பார்.

பெயரை மாற்றினால் தப்பலாமா?

'கதையாக எழுதிவிடு; பெயரை மாற்றிவிடு' என்று என் நண்பன் ஒருவன் எனக்கு யோசனை சொன்னான். பெயரைப் போடுவதும் போடாததும் அவ்வளவு பெரிய காரியம் அல்ல. படிப்பவர்கள், குறைந்தபட்சம் அவரை அறிந்தவர்கள், 'இது இன்னார்தான்' என்று கண்டுகொள்ள முடியுமா என்பதே கேள்வி. எழுதியவன் பெயர் மேலே இருக்கும்போது 'என் அத்தை', 'என் மூத்த அண்ணன்' என்று எழுதினாலே போதும். ஊருக்கே அடையாளம் தெரிந்துவிடும். உறவினரைப் பற்றி எழுதுவதில் உள்ள தனி ஆபத்து இதுவாகும். அந்நியரை மறைக்கலாம், அத்தையை மறைக்க முடியாது.

கற்பனைப் பெயரே வம்பில் மாட்டிய வரலாறும் உண்டு. 1908ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு ஞாயிறு இதழ், ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ் என்னும் கற்பனை மனிதர் பிரான்சு நாட்டு டியெப் நகரில் தம் மனைவியல்லாத பெண்ணோடு திரிந்ததாக வேடிக்கையாக எழுதியது. அதே பெயரில் உண்மையாகவே வழக்கறிஞர் ஒருவர் இருந்தார். அவர் வழக்குத் தொடுத்தார். 'அவரை மனத்தில் வைத்து எழுதவில்லை' என்ற வாதம் எடுபடவில்லை. 1,750 பவுன் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. பிரபுக்கள் சபையும் அதை உறுதி செய்தது.

பெற்ற தாயே பிள்ளைமேல் வழக்குத் தொடுப்பாளா என்று ஐயுறுவோர்க்கும் அந்நாட்டிலேயே விடை இருக்கிறது. கான்ஸ்டன்ஸ் பிரிஸ்கோ என்னும் பெண் வழக்கறிஞர் தம் இளமையில் தாயிடம் பட்ட கொடுமைகளை 2006இல் நூலாக எழுதினார். தாய் அதனை அவதூறு என்று வழக்காடினார். 2008இல் லண்டன் நீதிமன்றத்தில் ஜூரிகள் மகளுக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் தாயும் மகளும் எதிரெதிர் நின்று சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று.

இறந்தவரைப் பற்றி எழுதலாமா?

இறந்தவர் வழக்குத் தொடுக்க மாட்டார் என்பது பாதி உண்மை. உரிமையியல் வழக்கைப் பொறுத்தவரை நற்பெயர் அவரோடு முடிந்துவிடுகிறது. மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய திரைப்படத்துக்குத் தடை கேட்டு அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் இதையே கூறியது. ஒருவர் வாழ்நாளில் பெற்ற நற்பெயரும் தனியுரிமையும் நிலம், வீடு போல வாரிசுகளுக்கு இறங்குவதில்லை என்பது அதன் முடிவு.

குற்றவியல் சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. இறந்தவர் உயிரோடு இருந்தால் அவர் பெயர் கெட்டிருக்கும் என்னும்படியான செய்தியை, அவருடைய குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் எண்ணத்துடன் வெளியிட்டால் அதுவும் அவதூறே என்று முதல் விளக்கத்திலேயே சொல்லியிருக்கிறது. தாத்தாவைப் பற்றி நாம் எழுதுவது, தாத்தாவின் மற்ற பேரப்பிள்ளைகளையும் தொடும் என்பதை மறக்கலாகாது.

புகழ்ந்தாலும் வம்பு

அவதூறுக்கு அண்டை வீட்டில் இருப்பது தனியுரிமை. 1994ஆம் ஆண்டு, தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய தன் வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது, அதிகாரிகள் தடுக்கப் பார்த்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. வெளிவருவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பாயிற்று. அதே தீர்ப்பில் நீதிமன்றம் மற்றொன்றையும் கூறியது. தன் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி போன்றவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. உண்மையானாலும் பொய்யானாலும், புகழ்ச்சியானாலும் இகழ்ச்சியானாலும், அவர் இசைவின்றி இவற்றை வெளியிட்டால் பொறுப்பேற்க வேண்டும். நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவேடுகளில் உள்ள செய்திகளுக்கு மட்டும், சில வரம்புகளோடு, விலக்கு உண்டு. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு உறுதி செய்தபின் இக்கருத்து மேலும் வலுப்பெற்றுள்ளது. எனவே, 'அக்காவின் நோயைப் பற்றி அன்போடுதானே எழுதினேன்' என்பதும் எல்லா நேரத்திலும் விடையாகாது.

பாதிக்கப்பட்டவர் வாய் மூடியிருக்க வேண்டுமா?

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் குடும்பத்தில் கொடுமை நடந்தாலும் சொல்லக் கூடாதா, ஐயா?" என்று வழக்கறிஞரிடம் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தாராளமாகச் சொல்ல வேண்டும், தம்பி. ஆனால் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்ல வேண்டும்" என்றார்.

அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்துடன் முறையிடுவது அவதூறு ஆகாது என்பது எட்டாம் விதிவிலக்கு. அடிக்கும் கணவனைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்வதும், சொத்தை அபகரித்தவரைப் பற்றி நீதிமன்றத்தில் சொல்வதும் குற்றமல்ல. மிரட்டுவோர் பலர் 'அவதூறு வழக்குப் போடுவேன்' என்பதை ஆயுதமாக வைத்திருக்கிறார்கள். அதற்கு அஞ்சி வாய்மூடி இருக்க வேண்டியதில்லை.

நான் கண்ட பத்திரம்

நிற்க. என் கதைக்கு வருகிறேன். வழக்கறிஞர் சொற்படி வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பித்தேன். பின்னர் கிரையப் பத்திரத்தின் நகலையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கினேன். வாசலில் இருந்த புங்கமரத்தடியில் நின்று படித்தேன்.

என் தந்தையார் தாம் இறப்பதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே அந்நிலத்தை முழு மனத்துடன் விற்றிருந்தார். தொகை எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய கையெழுத்து இருந்தது. என் பள்ளி மதிப்பெண் அட்டையில் அவர் போடும் அதே கையெழுத்து. சாட்சியாகக் கையெழுத்திட்டிருந்தவர் என் தாய்மாமன்.

அன்று மாலையே மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா கல்யாணத்துக்கு வாங்கின கடன்டா. வட்டி கட்ட முடியலை. உங்க அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னு உங்கப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டார். அவர் போனப்புறம் சொல்லிடணும்னு நெனைச்சேன். ஒவ்வொரு வருஷமும் தள்ளிப் போயிடுச்சு" என்றார்.

எந்த மனிதரை நான் திருடன் என்று எழுதினேனோ, அவர் என் தந்தையின் கடனுக்கு உதவியவர். ஊரில் எங்கள் வீட்டார் பேசிய பேச்சை இத்தனை ஆண்டுகளாகக் கேட்டும் ஒரு நாளும் பத்திரத்தைக் காட்டி அவர் எங்களை எதிர்த்துப் பேசியதில்லை. என் கட்டுரை அச்சாகியிருந்தால் அவர் வழக்குப் போட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. போடாமல் இருந்திருந்தால்தான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்திருக்கும்.

அம்மாவிடம் நகலைப் படித்துக் காட்டினேன். கையெழுத்து இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அந்தப் பொங்கலுக்கு மறுநாள் ஒரு தூக்கில் பொங்கலை எடுத்துக்கொண்டு அந்த உறவினர் வீட்டுக்குப் போனார். என்னையும் அழைத்துப் போனார். அங்கே யாரும் எதையும் விளக்கிப் பேசவில்லை. எங்களை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்கள்.

எழுதுவோர்க்குச் சில குறிப்புகள்

உறவினரைப் பற்றி எழுதவே கூடாது என்பது என் கருத்தன்று. தன் வரலாறுகளும் குடும்ப வரலாறுகளும் இல்லையேல் நம் சமூகத்தின் வரலாறே பாதி இல்லாமற்போகும். எழுதுமுன் கீழ்க்கண்டவற்றைச் செய்தல் நலம்:

1. கேட்டதையும் கண்டதையும் தனித்தனியே பிரித்து வைக்க வேண்டும். கேட்டதற்கு ஆவணம் தேட வேண்டும்.

2. நிகழ்ந்ததை எழுதலாம்; உள்நோக்கத்தை நாமே கற்பித்து எழுதலாகாது. 'நிலம் விற்கப்பட்டது' என்பது செய்தி. 'ஏமாற்றி வாங்கினார்' என்பது குற்றச்சாட்டு.

3. சம்பந்தப்பட்டவரிடம் ஒரு முறையேனும் கேட்க வேண்டும். நாம் அறியாத பாதிக் கதை அவரிடம் இருக்கக்கூடும்.

4. நோய், திருமண முறிவு, பிள்ளைப்பேறு போன்றவற்றை எழுத, உரியவரின் இசைவை எழுத்திலே பெறுவது நன்று.

5. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், தொழில், உறவுமுறை, ஆண்டு ஆகியவையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

6. கோபத்தோடு எழுதியதைச் சில நாள் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுப் பிறகு படிக்க வேண்டும்.

இக்கட்டுரையில் அந்த உறவினர் எனக்கு என்ன முறை என்பதை நான் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவரைப் பற்றி இதில் நல்லதே சொல்லியிருக்கிறேன். எனினும் அவர் பெயர் ஒரு முறை என் பேனாவில் பட்ட பாடு போதும் என்று விட்டுவிட்டேன். என் தந்தையின் கடனைப் பற்றியும் மாமாவின் மௌனத்தைப் பற்றியும் எழுதிய பகுதிகளை அம்மாவுக்கும் மாமாவுக்கும் படித்துக் காட்டி, அவர்கள் சரியென்ற பிறகே மலர்க்குழுவிடம் கொடுத்தேன்.

வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமும் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் வைத்தார். நடந்ததைச் சொல்வது மட்டுமே வாய்மை அன்று, யாருக்கும் தீங்கு பயக்காமல் சொல்வதே வாய்மை என்பது அவர் காட்டும் நெறி. அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன்தான் நானும். அதன் பொருள் விளங்க எனக்கு ஒரு பத்திர நகல் தேவைப்பட்டது.